கைக்கு எட்டிய ஹேண்டில்பார்

அத்தியாயம் 5

வாலு தன் வாழ்நாளில் பலவிதமான திருடர்களைப் பார்த்துவிட்டான். வண்டியைத் தூக்கிக்கொண்டு போகிறவன் உண்டு. பெட்ரோலை மட்டும் உறிஞ்சிவிட்டு வண்டியை விட்டுப் போகிறவன் உண்டு. ஆனால் வண்டியை எடுத்துப் போய், அதற்குப் புது ஹேண்டில்பார் மாட்டி, இருந்த இடத்திலேயே பத்திரமாகக் கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் போகிற திருடனை அன்றைக்குத்தான் கேள்விப்பட்டான்.

"அண்ணி, இவன் நம்ம வீட்டுப் பக்கம் ஒரு தடவை வந்துட்டுப் போனா தேவலை. குக்கருக்குக் கைப்பிடி உடைஞ்சு ஒரு மாசமாச்சு."

"அதைத்தான் உன்னை மாத்தச் சொன்னேன். பேசாம வா," என்றாள் அண்ணி.

பல் டாக்டர் கிளினிக் மாடியில் அண்ணியின் துப்பறியும் ஆபீஸ் இருந்தது. கீழே பல்லைப் பிடுங்கும்போது வருகிற அலறலைக் கேட்டே மேலே வந்தவர்கள் பாதி உண்மையைக் கக்கிவிடுவார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு. வீட்டில் அண்ணன் சமைப்பார், அண்ணி துப்பறிவாள், கொழுந்தன் வாயடிப்பான். பெற்றவர்கள் அவனுக்கு ஆசையாக ஒரு பெயர் வைத்தார்கள்தான். அதை இப்போது மின்சார பில் மட்டும்தான் ஞாபகம் வைத்திருக்கிறது. மற்ற எல்லோருக்கும் அவன் வாலு.

காலையில் போன் செய்தது ஒரு மருந்துக்கடை முதலாளி. வீட்டுக்கு வீடு மருந்து கொண்டுபோய்க் கொடுக்கிற கடை. அண்ணி ஸ்கூட்டரை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போனபோது முதலாளி மேசைக்குப் பின்னால் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். மேசையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"மேடம், விஷயம் வெளிய போகக்கூடாது. முக்கியமா என் மாமனார் காதுக்குப் போகவே கூடாது." தலைக்கு மேல் தொங்கிய போட்டோவை அவர் கை காட்டியது. "அவர் கட்டின கடை இது. உடம்பு முடியாம போன வருஷம் என் கையில கொடுத்தார். ஒரே வருஷத்துல இப்படி ஆச்சுன்னு தெரிஞ்சா என் மானம் போயிடும்."

போட்டோவில் ஒரு மனிதர் மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் விறைப்பாக நின்றார். படம் எடுத்தவர் வண்டியைச் சக்கரம் வரைக்கும் காட்ட வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, மனிதருக்குப் புருவத்துக்கு மேலே வெட்டிவிட்டார்.

"நல்ல படம் சார். தலையை அடுத்த படத்துல எடுத்தாங்களா?" என்றான் வாலு.

அண்ணி அவன் காலை மிதித்தாள். போன் மறுபடியும் அடித்தது.

*

கடைக்குப் பின்னால் ஷெட். ஒரே நிறத்தில், ஒரே கம்பெனியில் வாங்கிய வண்டிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் சீட்டுக்குப் பின்னால் மருந்துப் பெட்டி, பெட்டியில் நம்பர். மூன்றாம் நம்பர் வண்டியை மட்டும் தூணோடு சேர்த்துச் சங்கிலியால் கட்டியிருந்தார்கள்.

"பாருங்க," என்றார் முதலாளி. "மத்த வண்டியில எல்லாம் ஹேண்டில்பார் தாழ்வா, முன்னால தள்ளி இருக்கு. இதுல மட்டும் மாட்டுக்கொம்பு மாதிரி மேல ஏறி, ஓட்டறவன் மடிக்கே வளைஞ்சு வந்திருக்கு. வாடிக்கைக்காரங்க கொஞ்சம் கொஞ்சமா எதிர்க்கடைக்குப் போயிட்டிருக்காங்களேன்னு எனக்கு ஏற்கெனவே சந்தேகம். அதனால சனிக்கிழமை சாயங்காலம் எல்லா வண்டி மீட்டரையும் பார்த்து வச்சேன். இன்னிக்குக் காலையில வந்து பார்த்தா இது மட்டும் ஓடியிருக்கு. ஞாயித்துக்கிழமை கடையே லீவு."

"அதாவது உங்க வண்டியில எதிர்க்கடைக்கு யாரோ வேலை பார்க்கறாங்கன்னு சொல்றீங்க."

"யாரோ இல்லை மேடம். இதோ நிக்கறானே, இவன்தான்."

தூணுக்கு அந்தப் பக்கம் ஒருவன் டிபன் பாக்ஸை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றான். உருவம் சிறியது. கூட வேலை பார்க்கிறவர்கள் அவனுக்கு அரையடி என்று பெயர் வைத்திருந்தார்கள். அவனும் அதற்குச் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பான். அன்றைக்கு அந்தச் சிரிப்பு எங்கோ போயிருந்தது.

"கை எட்டலை, தோள் வலிக்குது, ஹேண்டில்பாரை மாத்திக் கொடுங்கன்னு கேட்டது இவன் ஒருத்தன்தான். முடியாதுன்னேன். இவனே மாத்திக்கிட்டான். சாவியும் இவன்கிட்டதான்."

"இன்னொரு சாவி?"

"அது எங்க வீட்டு பீரோவுல தூங்குது. யாரும் தொடறதில்லை. மேடம், சாட்சியோட கண்டுபிடிச்சுக் கொடுங்க. சாயங்காலம் கடை சாத்தறதுக்குள்ள இவனை அனுப்பணும்."

அண்ணி அரையடி பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க தம்பி."

"கேட்டது நிஜம் மேடம். மூணு வாரத்துக்கு முன்னாடி ஒரு திங்கட்கிழமை வந்து பார்த்தா மாத்தியிருந்துச்சு. முதலாளிதான் மனசு இறங்கி மாத்திட்டார்னு நினைச்சேன். நேரா உள்ள போய் ரொம்ப நன்றி முதலாளின்னுகூடச் சொன்னேன்."

"சொன்னான்," என்று ஒப்புக்கொண்டார் முதலாளி. "நான் புதுசா ஃபேன் மாட்டியிருந்தேன். அதுக்குச் சொல்றான்னு நினைச்சு, நல்லா வேலை பாருன்னேன்."

வாலு சிரிப்பை விழுங்கினான். அரையடியின் முகத்தைப் பார்த்ததும் அது தானாகவே இறங்கிவிட்டது.

"வீட்டுல அவளுக்கு இது எட்டாவது மாசம் மேடம்," என்றான் அரையடி மெல்ல. "வேலை போனாக்கூட வேற பார்த்துக்கலாம். வண்டியைத் திருடி ஓட்டினவன்னு பேர் வாங்கிட்டு வெளிய போனா, எவன் என் கையில சாவியைக் கொடுப்பான்?"

அண்ணி வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். "காலையிலேருந்து இதை யாராவது தொட்டாங்களா சார்?"

"வந்ததும் சங்கிலி போட்டுட்டேன்."

"தம்பி, ஏறி உட்காருங்க. எதையும் தொடாதீங்க. கண்ணாடியில என்ன தெரியுது?"

அரையடி ஏறி உட்கார்ந்தான். "ஆகாயம். அந்த மரத்து உச்சி. ஒரு காக்கா. திங்கட்கிழமைன்னா எப்பவும் இப்படித்தான் மேடம். மேல தூக்கியிருக்கும், நான்தான் இறக்கி வச்சுக்குவேன்."

"வாலு, நீ உட்காரு."

வாலு உட்கார்ந்தான். அவன் உயரமும் இல்லை, குட்டையும் இல்லை. "எதிர் வீட்டு மாடியில துணி காயுது. நல்லாப் பிழியலை."

அண்ணி மூலையில் கிடந்த கெட்டியான அட்டைப்பெட்டியை மடித்துச் சீட்டில் போட்டாள். வாலு அதன்மேல் உட்கார்ந்து, முதுகையும் நிமிர்த்தி, கழுத்தையும் நீட்டினான். கண்ணாடிக்குள் ஷெட்டின் கேட், அதற்குப் பின்னால் தெரு, தெருவில் போகிற சைக்கிள், எல்லாம் சமர்த்தாக வந்து நின்றன.

"அட. இப்பத்தான் ரோடு தெரியுது."

"புரியுதா சார்?" என்றாள் அண்ணி. "கடைசியா இந்த வண்டியை ஓட்டினவர் ஆறடிக்கு மேல. இந்தத் தம்பி அட்டைப்பெட்டி மேல நின்னுக்கிட்டு ஓட்டினாத்தான் அந்தக் கண்ணாடி அவருக்கு ஆகும்."

முதலாளி வாயைத் திறந்தார், மூடினார், மறுபடியும் திறந்தார். "ஆறடி ஆளுக்குக் கை நீளமா இருக்குமே. அவனுக்கு எதுக்கு ஹேண்டில்பார் கிட்ட வரணும்?"

"நல்ல கேள்வி. அதுக்குத்தான் போயிட்டு வரேன். சங்கிலியை அவிழுங்க."

வாலு சாவியை வாங்கும்போது அரையடி ஏதோ ஞாபகம் வந்தவனாக அருகே வந்தான். "அண்ணே, இடது பக்கம் நல்லா ஒடிச்சுத் திரும்பினா ஹாரன் தானா அடிக்கும். ஹேண்டில்பார் மாத்தினதுலேருந்து அப்படித்தான். அப்புறம் இன்னொண்ணு. திங்கட்கிழமை காலையில சீட் ஈரமா இருக்கும். மழையே இல்லாட்டியும் பேன்ட் நனைஞ்சிடும். இன்னிக்குத்தான் அதிசயமாக் காஞ்சிருக்கு."

"வண்டி லீவு நாள்ல அழுதிருக்கும். நேத்து மனசைத் தேத்திக்கிச்சு போல," என்றான் வாலு.

அண்ணி சிரிக்கவில்லை. சீட்டை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். அவள் சிரிக்கவில்லை என்றால் உள்ளே ஏதோ ஓடுகிறது என்று கொழுந்தனுக்குத் தெரியும்.

*

கேட்டைத் தாண்டி இடது பக்கம் ஒடித்ததும், சொன்னபடி, ஹாரன் 'பாம்' என்று அலறியது. வலது பக்கம் திரும்பினால் வண்டி பரம சாது. இடது பக்கம் என்றால் ஊரையே எழுப்பியது. பின்னால் ஸ்கூட்டரில் வந்த அண்ணி ஒரு சிக்னலில் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எங்க போறோம் அண்ணி?"

"தெரியாது. கிடைக்கிற சந்துல எல்லாம் இடது பக்கம் திரும்பு."

"ஆளுக்கு ஆள் திட்டுவாங்களே."

"திட்டட்டும். திட்டாதவங்கதான் நமக்கு வேணும். இந்தச் சத்தம் எந்தத் தெருவுக்குப் பழக்கமோ, அந்தத் தெருவுல யாராவது திட்டறதுக்குப் பதிலா வேற ஏதாவது செய்வாங்க."

வாலு திரும்பினான், திரும்பினான், திரும்பிக்கொண்டே இருந்தான். முடிதிருத்தும் கடைக்காரர் கத்தியோடு வெளியே வந்து அவன் குலத்தை விசாரித்தார். மாடியிலிருந்து ஒரு அம்மா வாளித் தண்ணீரைக் காட்டி மிரட்டினாள். அவன் ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. திட்டு வாங்குவதற்கு இவ்வளவு சுகமான ஆசனம் வேறு கிடைக்காது. முதுகு நிமிர்ந்திருந்தது, தோள் தளர்ந்திருந்தது, கை இரண்டும் தானாக வந்து கைப்பிடியில் உட்கார்ந்திருந்தது. சோபாவில் உட்கார்ந்து ஊர்வலம் போகிற மாதிரி இருந்தது.

ஊரின் விளிம்பில், டயர்கள் குவிந்திருந்த ஒரு மெக்கானிக் பட்டறை முனையில் இடது பக்கம் ஒடித்தான். 'பாம்'.

பட்டறைக்குள்ளிருந்து ஒருவர் கையில் ஒயர் சுருளோடு சந்தோஷமாக ஓடிவந்தார். "வாங்க பெரியவரே, நீள ஒயர் வந்திருச்சு. இன்னிக்கு என்ன திங்கட்கிழமையே..." என்றவர் வாலுவின் முகத்தைப் பார்த்ததும் நின்றார். "நீங்க அவர் இல்லையே."

"இல்லை. நான் இன்னும் அந்த வயசுக்கு வரலை," என்றான் வாலு.

அண்ணி ஸ்கூட்டரை ஓரம் கட்டினாள். "இந்த ஹேண்டில்பார் நீங்க மாட்டினதா? அழகா மாட்டியிருக்கீங்க."

புகழ்ச்சி கேட்டதும் மெக்கானிக்கின் வாய் திறந்துகொண்டது. "வேலை சுத்தம்தான்மா. ஒயர் மட்டும் கொஞ்சம் இழுபறி. ஹேண்டில்பார் மேல ஏறினா ஒயரும் நீளமா வேணும். ஒரு வாரம் பொறுங்கன்னேன். அவசரமாப் போகணும், எட்டு மணிக்கு ஆரம்பிச்சிடுவாங்க, இப்பவே முடிச்சுக் கொடுன்னு ஒத்தைக் கால்ல நின்னார். பழைய ஒயரையே இழுத்து மாட்டினேன். இடது பக்கம் ஒடிச்சா அது நசுங்கி ஹாரன் அடிக்குது."

"அளவு எப்படி எடுத்தீங்க? யாருக்கு எங்க கை வரும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அதுதான்மா வேடிக்கை." மெக்கானிக் உள்ளே போய் ஒரு துடைப்பக் கட்டையை எடுத்து வந்தார். "வண்டியில ஏறி நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கிட்டு இந்தக் கட்டையை ரெண்டு கையாலயும் பிடிச்சார். கை எங்க வலிக்காம நிக்குதோ அங்க நிறுத்தினார். இங்க கொண்டுவா கம்பியைன்னார். நான் இத்தனை வருஷத்துல இப்படி ஒரு அளவு எடுத்ததில்லை."

"உயரமா?"

"ஒட்டகம் மாதிரி. ஹெல்மெட்டைக் கழட்டவே இல்லை. குரல்தான் வயசைச் சொல்லுச்சு. குனிஞ்சு இந்த நட்டைப் பாருங்கன்னேன். குனிய முடிஞ்சா உன்கிட்ட ஏன்பா வர்றேன்னார்."

வாலுவுக்கு மண்டையில் விளக்கு எரிந்தது. முதலாளி கேட்ட கேள்விக்குப் பதில் அதுதான். கை குட்டை இல்லை. முதுகு வளையவில்லை. பழைய ஹேண்டில்பாருக்குக் குனிய வேண்டும். குனிய முடியாதவனுக்கு ஆறடி இருந்தும் என்ன பயன்.

"அவர்கிட்ட வேற ஏதாவது இருந்துச்சா? பை, கிய்?"

மெக்கானிக் தயங்கினார். "சொன்னா சிரிப்பீங்க. தோள்ல ஒரு துணிப்பை. அதுக்குள்ளேருந்து ஒரு வாத்து என்னையே பார்த்துக்கிட்டு இருந்துச்சு. ரப்பர் வாத்து. மஞ்சள் கலர்."

"வாத்து," என்றாள் அண்ணி. அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள். "எந்தப் பக்கம் போவார்?"

"இந்த மேட்டு ரோட்டுலதான், கடைசி வரைக்கும்."

நீள ஒயரை வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள். மேடு ஏறும்போது வாலு தன் முடிவை அறிவித்தான். "அண்ணி, வாத்துப் பண்ணை. எதிர்க்கடையும் இல்லை, ஒண்ணும் இல்லை. ஆள் வாத்து வளர்க்கறார். சீட் ஈரமானதும் அதனாலதான். வாத்து பின்னால உட்கார்ந்து வந்திருக்கும்."

"ரப்பர் வாத்து எங்கடா முட்டை போடும்?"

"அதுக்குத்தான் ஆராய்ச்சி பண்றார் போல."

*

மேட்டு ரோடு முடிகிற இடத்தில் ஒரே ஒரு இடது திருப்பம். 'பாம்' என்றது வண்டி.

எங்கிருந்தோ ஒரு பழுப்பு நாய் காதுகள் பறக்க ஓடிவந்தது. முன்சக்கரத்தைச் சுற்றி இரண்டு சுற்று ஆடியது, வாலை ஆட்டியது, வாலுவின் முழங்காலில் மூக்கை வைத்து மோந்தது. பிறகு பிஸ்கட் இல்லாத வெறும் மனிதன் என்று தெரிந்ததும், ஏமாற்றி அழைத்தவனைப் பார்க்கிற பார்வை ஒன்று பார்த்தது.

"மன்னிச்சுக்கப்பா. நான் தற்காலிக ஊழியர்," என்றான் வாலு.

நாய் நின்ற இடத்துக்கு நேரே ஒரு இரும்புக் கேட். உள்ளே குழந்தைகளின் கூச்சல், விசில் சத்தம், மருந்து கலந்த தண்ணீரின் வாசனை. கேட்டில் தொங்கிய பலகையில் நீச்சல் குளம் என்று எழுதியிருந்தது. கீழே, புதிதாகப் பழகுகிறவர்களுக்கு ஞாயிறு காலை எட்டு மணிக்கு வகுப்பு.

"ஞாயித்துக்கிழமைதானே அண்ணி? இன்னிக்கு எதுக்கு இத்தனை சத்தம்?"

விசிலோடு கேட்டுக்கு வந்த நீச்சல் மாஸ்டர்தான் பதில் சொன்னார். "நேத்து தண்ணியை இறக்கிட்டுக் குளத்தைக் கழுவினோம். வந்தவங்களை எல்லாம் திருப்பி அனுப்பிட்டு இன்னிக்கு வரச் சொன்னோம். பிள்ளைங்களுக்கும் பள்ளிக்கூடம் லீவு. யார் வேணும்?"

நேற்று தண்ணீரே இல்லை. சீட் காய்ந்துதான் இருக்கும். வாலு அண்ணியைப் பார்த்தான். அவள் குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குளத்தின் ஆழமில்லாத ஓரத்தில் பதினைந்து இருபது பொடிசுகள் கையையும் காலையும் அடித்துக்கொண்டிருந்தன. அவர்களுக்கு நடுவில், இடுப்பில் மஞ்சள் வாத்து ட்யூப் மாட்டிக்கொண்டு, ஒரு நெடிய மனிதர் கண்ணை இறுக்கி மூடி மிதந்துகொண்டிருந்தார். வாத்தின் கழுத்தை ஒரு கையால் கெட்டியாகப் பிடித்திருந்தார். எழுந்து நின்றால் தண்ணீர் அவர் தொடைக்குத்தான் வரும். ஆனாலும் அவர் நிற்கவும் இல்லை, வாத்தை விடவும் இல்லை.

"தாத்தா, காலை அடிங்க," என்று அதட்டியது ஒரு பொடிசு.

"அடிக்கிறேன்மா, அடிக்கிறேன். நீ தண்ணியை என் மேல அடிக்காதே."

வாலுவுக்கு அந்தப் புருவத்தைத் தெரியும். மூக்கை, காதை, விறைப்பான தோளைத் தெரியும். போட்டோவில் வெட்டுப்பட்டுப் போன மிச்சத் தலை இங்கே வெயிலில் பளபளவென்று மிதந்துகொண்டிருந்தது. ஒரு முடிகூட இல்லாத தலை.

"அண்ணி," என்றான் ரகசியமாக. "திருடனோட மாப்பிள்ளைதான் நமக்கு போன் பண்ணியிருக்கார்."

*

துண்டைப் போர்த்திக்கொண்டு, சிமென்ட் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார் பெரியவர். வாத்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. அண்ணி தான் யார் என்று சொன்னதுமே அவர் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டார். பல் டாக்டர் தேவைப்படவில்லை.

"முதுகுக்கு நீச்சல்தான் மருந்துன்னு டாக்டர் சொன்னார்மா. வீட்டுல சொன்னேன். என் சம்சாரம் ஒரு சிரிப்பு சிரிச்சா பாரு. பாத்ரூம்லேயே வழுக்கி விழறவர் குளத்துல என்ன பண்ணப் போறீங்கன்னா. பொண்ணு அதுக்கு மேல. மோட்டார் சைக்கிளைத் தொட மாட்டேன்னு அவ தலையில அடிச்சுச் சத்தியம் வாங்கிட்டா. இங்க பஸ் அரை மணி நேரம் குலுக்கும். இன்னிக்குக் கடை உண்டே, வண்டியை எடுக்க முடியாம பஸ்ல நின்னுக்கிட்டே வந்தேன், உயிர் போயிடுச்சு. பீரோவுல சாவி இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை வாசகசாலைக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்துடுவேன்."

"தலை ஈரமா இருந்தா வீட்டுல கேட்க மாட்டாங்களா?" என்றான் வாலு.

"என் தலையில ஈரம் எங்க தம்பி நிக்கும்?"

"ஹேண்டில்பாரை மாத்தினீங்களே, வாரம் பூரா அந்த வண்டியை ஒருத்தர் ஓட்டறாரேன்னு யோசிக்கலையா?" என்றாள் அண்ணி.

"யோசிச்சுத்தான் மூணாம் நம்பரை எடுத்தேன். ஒருத்தன் கை எட்டலைன்னு கேட்டான்னு மாப்பிள்ளை சாப்பிடும்போது சொல்லிச் சிரிச்சார். சரி, அவனுக்கும் ஆச்சு, எனக்கும் ஆச்சுன்னு மாட்டினேன். அவனுக்குச் சௌகரியமா இருக்கா?"

"ரொம்பச் சௌகரியம். அதுக்குத்தான் சாயங்காலம் அவரை வேலையை விட்டு அனுப்பறாங்க."

துண்டின் நுனியால் காதைத் துடைத்துக்கொண்டிருந்த பெரியவரின் கை நின்றது.

அண்ணி சுருக்கமாகச் சொன்னாள். சங்கிலி, சந்தேகம், எதிர்க்கடை, எட்டாவது மாசம். அவள் முடித்ததும் பெரியவர் வாத்தைப் பார்த்தார்.

"நீ வேற மாதிரி சொல்ல முடியாதாம்மா? மெக்கானிக் தப்பா மாட்டிட்டான், வண்டி மாறிப் போச்சு, இப்படி ஏதாவது. நானும் தப்பிப்பேன், அவனும் தப்பிப்பான்."

"சொல்லலாம். ஞாயித்துக்கிழமை ஓடின மீட்டருக்கு யார் பதில் சொல்வாங்க? சந்தேகம் அவர் மேலயே ஒட்டிக்கிட்டு நிக்கும். வேலை இருக்கும், சாவியைக் கொடுக்கும்போது எல்லாம் முதலாளி ஒரு பார்வை பார்ப்பார்."

"அந்தப் பார்வை எனக்குத் தெரியும்," என்றார் பெரியவர். "சின்ன வயசுல ஒரு கடையில வேலை பார்த்தேன்." அவர் மெதுவாக எழுந்தார். "தம்பி, சாவியைக் கொடு."

"நீங்களா ஓட்டப் போறீங்க?"

"என் முதுகுக்கு அளவெடுத்த வண்டிப்பா அது. நீ பின்னால உட்கார்ந்து வாத்தைப் பிடிச்சுக்க."

கேட்டுக்கு வெளியே நாய் காத்திருந்தது. பெரியவர் குனியாமல், ஒரு பிஸ்கட்டை மேலிருந்தே போட்டார். நாய் காற்றிலேயே பிடித்தது. இருவருக்கும் நல்ல பழக்கம்.

*

ஊருக்குள் வருகிற வழியெல்லாம் சனங்கள் திரும்பிப் பார்த்தார்கள். கம்பு நட்ட மாதிரி நிமிர்ந்து ஒரு பெரியவர், பின்னால் காற்றடைத்த வாத்தைக் கட்டிப்பிடித்த ஒரு வாலிபன், அதற்குப் பின்னால் ஸ்கூட்டரில் முகத்தை விறைப்பாக வைத்துக்கொள்ளப் படாதபாடுபடுகிற ஒரு பெண். முடிதிருத்தும் கடைக்காரர் இந்தத் தடவை திட்ட மறந்துவிட்டார்.

கடைத் தெருவுக்குள் வண்டி இடது பக்கம் திரும்பியது. 'பாம்'.

கடையில் இருந்த அத்தனை பேரும் வாசலுக்கு வந்தார்கள். முதலாளி முன்னால், அரையடி எல்லோருக்கும் பின்னால். டிபன் பாக்ஸ் இன்னும் அவன் நெஞ்சோடுதான் இருந்தது, திறக்காமலே.

"மாமா," என்றார் முதலாளி. "நீங்க... வாசகசாலை..."

"மாப்பிள்ளை, சாயங்காலத்துக்குள்ள ஒருத்தரை வேலையை விட்டு அனுப்பணும்னு சொன்னீங்களாமே. அந்த ஆள் வந்திருக்கேன். அனுப்புங்க."

முதலாளி மாமனாரைப் பார்த்தார், ஹேண்டில்பாரைப் பார்த்தார், கடைசியில் வாத்தைப் பார்த்தார். வாத்தைப் பார்த்ததும் எங்கே ஆரம்பித்து என்ன கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

உள்ளே போன் அடித்தது.

"சார், அதைப் போய் எடுங்க," என்றாள் அண்ணி. "காலையில நான் இருந்தப்பவும் இது அடிச்சுக்கிட்டே இருந்துச்சு, யாரும் எடுக்கலை. வாடிக்கைக்காரங்க எதிர்க்கடைக்குப் போனது மூணாம் நம்பர் வண்டியில இல்லை. இந்த போன்லதான்."

தப்பிக்க ஒரு வழி கிடைத்த நிம்மதியில் முதலாளி உள்ளே ஓடினார். அவர் போனை இவ்வளவு வேகமாக எடுத்து அந்தக் கடை பார்த்ததில்லை.

பெரியவர் வண்டியை விட்டு இறங்கி அரையடிக்கு முன்னால் போய் நின்றார். அவ்வளவு உயரத்திலிருந்து பேசச் சங்கடமாக இருந்தது போலும். குனிய முடியாது. அதனால் கடைப் படியில் மெல்ல, நேராக உட்கார்ந்தார். இப்போது இரண்டு பேர் கண்ணும் ஒரே மட்டத்தில் இருந்தன.

"உன் வண்டியை உன்னைக் கேட்காம எடுத்தேன்ப்பா. நல்லது பண்றதா நினைச்சு உன் தலையில கல்லைப் போட்டுட்டேன். மன்னிச்சுக்க."

அரையடி கால் மாற்றி நின்றான். பெரிய முதலாளியிடம் அவன் பேசியதே கிடையாது.

"ஹேண்டில்பார் நல்லா இருக்குங்க," என்றான். பிறகு கொஞ்சம் யோசித்து, "ஞாயித்துக்கிழமை எடுத்தா, சீட்டை மட்டும் துடைச்சு வச்சிடுங்க," என்றான்.

யாரோ சிரித்தார்கள். பெரியவரும் சிரித்தார். வாலு வாத்தை இடுக்கிக்கொண்டே பையிலிருந்து நீள ஒயரை எடுத்து நீட்டினான். "இதை மாட்டிட்டா ஹாரன் தொல்லையும் தீர்ந்தது."

"வேண்டாம்," என்றார் பெரியவர் அவசரமாக. "அங்க ஒருத்தன் அந்தச் சத்தத்துக்குத்தான் ஓடி வர்றான்."

"அவனுக்காக வாரம் பூரா நான் திட்டு வாங்கணுமாங்க?" என்றான் அரையடி. அது அவனுடைய பழைய குரல்.

பெரியவர் தலையை ஆட்டினார். "சரி, மாட்டிடு. நான் விசில் அடிச்சுக்கறேன்."

முதலாளி வாசலுக்கு வந்தார். ஒரு கையில் மருந்துப் பொட்டலம், காதுக்கும் தோளுக்கும் நடுவில் போன். மாமனார் படியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அவர் குரல் தானாக இறங்கியது.

"மேட்டு ரோட்டுக்கு ஒரு மருந்து. அவசரம். யாராவது..." கண் சுற்றி வந்து அரையடி மேல் நின்றது. மன்னிப்பு கேட்கத் தெரியாத மனிதர், பாவம். பொட்டலத்தை நீட்டினார். கூடவே, சாவியை மாமனாரிடமிருந்து தானே வாங்கி, அதையும் நீட்டினார். "நீ போறியாப்பா?"

அரையடி இரண்டையும் வாங்கிக்கொண்டான். மருந்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டினான். வண்டியில் ஏறி உட்கார்ந்து, இரண்டு கண்ணாடியையும் மெல்லக் கீழே இறக்கினான். ஆகாயம் போய், காக்கா போய், தெரு வந்தது. தெருவில் கடை வாசல் வந்தது. வாசலில் நிற்கிற முதலாளி வந்தார்.

"ஏன்ப்பா," என்று படியிலிருந்து கேட்டார் பெரியவர், "என் சம்சாரத்துகிட்ட இதை யார் சொல்றது?"

எல்லோரும் வாலுவைப் பார்த்தார்கள். வாலு அண்ணியைப் பார்த்தான்.

"வாத்தை யார் பிடிச்சிருக்காங்களோ அவங்கதான்," என்றாள் அண்ணி.

அரையடி காலையிலிருந்து நெஞ்சோடு அணைத்திருந்த டிபன் பாக்ஸை ஹேண்டில்பாரில் மாட்டினான். அதற்கு அவன் எக்க வேண்டியிருக்கவில்லை. கை எட்டியது.